இடப்பக்கம் ஒரு தாவல்

குளத்தை ஒட்டிய புல்வெளியில் முயல்கள் இருந்தன. அவற்றின் பூட்டன்கள் பிறந்ததும் அங்கேதான். சாமை என்ற தாய் முயல் தன் குட்டி குன்றியை ஒரு புதரில் மறைத்து வைத்திருந்தது.

முயல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குட்டி கிடக்கும் இடத்துக்கு நேராகப் போவதில்லை. இரண்டடி பின்வாங்கி, சட்டென்று பக்கவாட்டில் தாவும். மோப்பம் பிடித்து வருகிறவன் அங்கே தடம் அறுந்து முழிப்பான். சாமை எப்போதும் இடப்பக்கமே தாவும்.

"நேராப் போற தடம் நம்ம தடம் இல்லை. அது பின்னாடி போயிடாதே" என்று குன்றிக்குச் சொல்லி வைத்திருந்தது.

ஒரு கோடையில் புலிராஜாவுக்கு அந்த வெளிமேல் ஆசை வந்தது. முயல்களை ஆற்றுக்கு அப்பால் கல்மேட்டுக்கு ஓட்டிப்போக நரிகள் வந்தன. யாரைக் கேட்டு என்று முயல்கள் கேட்டன. உங்களில் ஒரு கிழட்டு முயல் கிழங்கை வாங்கிக்கொண்டு சரியென்று தலையாட்டிவிட்டது, அது போதும் என்றது கோணவாயன் என்ற மூத்த நரி.

"அங்கே புல்லு இதைவிடப் பச்சை."

"அப்போ நீங்களே அங்க போய் இருக்கலாமே, நரியண்ணே" என்றது சாமை.

கோணவாயன் பல்லைக் காட்டியது.

சாமை புதர்ப்பக்கம் திரும்பவே இல்லை. அது பார்த்தால் நரியும் பார்க்கும். கூட்டத்தோடு ஓட முடியாத குட்டியை நரி விட்டுவைக்காது.

வறண்ட ஆற்றுமணலில் நரிகள் முயல்களை வரிசையாக நடத்தின. சாமை மட்டும் அடிக்கடி பின்வாங்கி இடப்பக்கம் தாவியது.

"ஏய், நேராப் போ."

"கால் கோளாறுங்க. இப்படித்தான் வரும்."

கிறுக்கு என்று சிரித்து நரிகள் அதை விட்டுவிட்டன.

பொழுது சாய்ந்தது. பால் கொடுக்க அம்மா வரவில்லை. குன்றி மெல்லத் தலையை நீட்டியது. வெளி முழுக்க ஒரு காதுகூட அசையவில்லை. ஆற்றுமணலில் நீளமாக, நேராக ஒரு தடம். இருபுறமும் நரிக்கால்.

இது நம் தடம் இல்லை என்று புதருக்கே ஓடியது. பசித்தது. மறுபடி வந்தது. காற்று வேறு எழும்பி மணலை இழுக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எந்தத் தடமும் இருக்காது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. வரிசையை விட்டு இடப்பக்கம் ஒரு பள்ளம். அதற்கு முன்னால் இரண்டடி பின்வாங்கிய கால்தடங்கள். தொலைவில் இன்னொன்று, பாதி மூடிப்போய்.

குன்றி ஓடியது. அடுத்த பள்ளம் தெரியாத இடங்களில் நின்று மணலை மோந்து பார்த்தது. மறுபடி ஓடியது. அக்கரையில் நரிகள் காவல் இருந்தன. புல்வெளிக்குத் திரும்பி ஓடுகிறவர்களைத்தான் அவை பார்த்துக்கொண்டிருந்தன; உள்ளே வந்த குட்டியைக் கவனிக்கவில்லை.

கல்மேட்டில் சாமை குட்டியை நக்கி நக்கித் துடைத்தது. பால் குடித்து முடித்த குன்றி கேட்டது.

"வீட்டுக்கு எப்பம்மா போவோம்?"

சாமை ஒரு பாறை இடுக்கைப் பார்த்தது. இரண்டடி பின்வாங்கி, இடப்பக்கம் தாவியது. குன்றியும் அப்படியே தாவியது.

மண்ணைப் பறிக்கிறவர்களால், அந்த மண் பழக்கிய நடையைப் பறிக்க முடியாது.