தடுப்பறையை முதலில் தந்தவர்

இரத்தம் சிந்திப் பிறந்த ஒரு மென்பொருள் அமைப்பின் வழக்கு இது. முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

தென்கடற்கரைத் துறைமுகம் ஒன்றில் நான்கு கிரேன்களை ஒரே மென்பொருள் இயக்கிவந்தது. ஒரு நண்பகலில் முதல் கிரேனில் கோளாறு. மென்பொருள் உறைந்து, நான்கின் பிடியும் ஒருசேரத் தளர்ந்தது. நான்காவதை ஓட்டிய இசக்கியப்பன் கட்டளைக் கம்பியைக் கோடரியால் வெட்டி, கைப்பிரேக்கை இழுத்துத் தன் கன்டெய்னரை நடுவானில் நிறுத்திவிட்டான். மற்ற மூன்று கன்டெய்னர்களும் விழுந்தன. ஒன்றின் அடியில் நசுங்கிச் செத்தவன் ததேயு. ஆவணக் காப்பாளர் டெல்பினின் அண்ணன்.

வெறிகொண்ட தொழிலாளர்கள் கடப்பாரையோடு மென்பொருள் அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். பொறியாளர் ஹமீதாவின் மண்டை உடைந்தது. அடுத்த அடிக்கு இசக்கியப்பன் குறுக்கே பாய்ந்தான். அவன் தோளெலும்பு முறிந்தது. அப்போதும் கத்தினான்:

"இவளக் கொன்னா செத்தவன் வருவானா, லே? நாலையும் ஒரே கயித்துல கட்டுனதுதான் தப்பு. ஒண்ணு கெட்டா அது மட்டும் போற மாதிரி, அறை அறையாத் தடுக்கச் சொல்லுங்க, லே!"

கண்ணை இரத்தம் மறைத்திருந்தாலும் அந்தச் சொல் ஹமீதாவின் காதில் விழுந்தது. தலையில் பதினாறு தையலோடு ஏழு மாதம் உழைத்து, கிரேனுக்கு ஒரு தனி அறையாக மென்பொருளைப் பிரித்து எழுதினாள். 'தடுப்பறை அமைப்பு' துறைமுகம் துறைமுகமாகப் பரவியது.

அதன் மூலத்தைத் தேடிக் கல்வெட்டில் பொறிக்கச் சொல்லி, பொறியாளர் சங்கம் டெல்பினிடம் பொறுப்பைக் கொடுத்தது. ஹமீதாவையும் இசக்கியப்பனையும் வைத்து அவள் நடத்திய விசாரணையில், ஹமீதாவின் சக பொறியாளன் ரோச் ஓர் உறையை நீட்டினான். விபத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு, அஞ்சல் முத்திரை தேதிக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டது; பிரிக்கப்படவே இல்லை. டெல்பின் பிரித்தாள். உள்ளே அதே அமைப்பின் வரைபடம்.

"யாருகிட்டயாவது காட்டுனீங்களா?"

"காட்டுனா திருடிருவாங்களே, மேடம்."

இசக்கியப்பன் பாய்ந்து அவன் குரல்வளையை நெரித்தான். மேசை விளிம்பில் மோதி ரோச்சின் பற்கள் சிதறின. விலக்கவேண்டிய டெல்பின், கன்டெய்னருக்கு வெளியே தெரிந்த அண்ணனின் ஒற்றைக் காலை நினைத்தபடி அசையாமல் நின்றாள். பிறகுதான் இழுத்துப் பிரித்தாள்.

"மொதல்ல நெனச்சது நான்," என்று இரத்தம் துப்பினான் ரோச்.

"நெனப்பும் சொல்லும் யாருக்கும் வரும். கட்டி நிறுத்துனது நான்," என்றாள் ஹமீதா.

இசக்கியப்பன் தனக்கென்று எதையும் கோரவில்லை.

முன்பே எண்ணியவன், வாய்விட்டுச் சொன்னவன், செய்து முடித்தவள். மூலம் என்று டெல்பின் யார் பெயரை எழுதுவது சரி?

விடை: இசக்கியப்பன் பெயரை. உறைக்குள் கிடந்த எண்ணத்திலிருந்து ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. ஹமீதா கட்டியது தன் காதில் விழுந்த சொல்லை. டெல்பினும் அப்படியே எழுதி, கட்டியவள் என்று ஹமீதாவின் பெயரை அடுத்த வரியில் சேர்த்தாள். ரோச்சின் உறையை மட்டும், ஆபத்தைத் தடுக்கும் வழி தெரிந்தும் அவன் மறைத்ததற்குச் சான்றாக, ததேயு செத்த வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தாள்.