நடுவில் ஒரு பெட்டி

துபாயிலிருந்து வந்த செல்வின், வந்த வேகத்தில் அப்பாவின் பாட்டு செட்டில் கை வைத்தான். அவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயர் இருக்க, நடுவில் ப்ரீஆம்ப் என்று ஒரு பெட்டி எதற்கு? இந்தக் காலத்தில் போனிலிருந்து நேராகவே பாட்டு போகுமே! பிடுங்கி ஓரமாகப் போட்டான்.

"ஐயா ரெக்கார்டுதான் தம்பி கேப்பாரு. ஊசி எடுக்குற மெல்லிசு சத்தத்தை அந்தப் பெட்டிதான் தூக்கிக் குடுக்குது," என்றாள், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மரியபுஷ்பம்.

"உனக்கென்ன தெரியும்? அது இல்லாம முடியாதுன்னு காட்டு, பார்ப்போம்."

கட்டிலில் அப்பாவின் உதடு அசைந்தது. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேச்சு வெறும் மூச்சாகத்தான் வரும். மரியபுஷ்பம்தான் கேட்டு உரக்கச் சொல்வாள். இப்போது அவள் வாயைத் திறக்கவில்லை.

"என்ன சொல்றாரு?"

"நடுவுல நான் எதுக்கு தம்பி? நேராவே கேட்டுக்கோங்க."

செல்வின் குனிந்து அப்பாவின் வாயருகே காதை வைத்தான். மறுபடியும் வைத்தான். காற்றுதான் வந்தது.

"நீங்களே சொல்லுங்கக்கா," என்றான். குரல் இறங்கியிருந்தது.

"உங்க பேருதான் தம்பி. நீங்க வந்ததுலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு."