பானைக்குள் இருந்த மண்

முன்னொரு காலத்தில் மஞ்சணாறு பாயும் நாட்டைச் சேந்தமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. விடிந்ததும் அவர் காதில் யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

ஒருநாள் அப்படி முந்திக்கொண்டவர் வாகையடியார். சபையில் இரண்டாம் ஆசனம் அவருக்கு. முதல் ஆசனத்தில் அமைச்சர் சாத்தப்பன் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"மன்னா, தங்கள் வம்சம் மூங்கில் குருத்துப்போல இந்த மண்ணிலேயே முளைத்தது. என் வம்சமும் அப்படித்தான். அமைச்சரின் தாத்தாவோ எங்கிருந்தோ வந்தவர். அவரைப் பக்கத்தில் வைத்திருப்பது தங்களுக்கு அழகா?"

ராஜாவுக்கு அந்த மூங்கில் குருத்து ரொம்பப் பிடித்துப்போனது. உடனே முரசறையச் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து வந்த வம்சத்தார் ஒருவரும் சபையில் இருக்கக்கூடாது, தைப்பொங்கலுக்குள் குடும்பத்தோடு எல்லை தாண்டிவிட வேண்டும்.

சாத்தப்பன் எதையும் மறைக்கவில்லை. தெற்கே பஞ்சம் வந்தபோது பிழைக்க வந்தவர்தான் தன் தாத்தா என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வீட்டில் அவர் மனைவிக்கு நிறைமாதம். பிள்ளை பெறப்போகிறவளை வண்டியில் ஏற்றி எந்த ஊருக்கு ஓட்டுவது?

சட்டம் என்றால் எல்லோருக்கும்தானே? ராஜா மற்றவர்களையும் விசாரிக்கத் தொடங்கினார். தளபதிக்கு அப்பா வழி மேற்கு, அம்மா வழி வடக்கு, அவர் பிறந்தது மட்டும் இங்கே. அப்படியானால் அவரில் எவ்வளவு போகவேண்டும், எவ்வளவு இருக்கவேண்டும் என்று ராஜா கேட்டார். தளபதி விரல்விட்டு எண்ணிப்பார்த்தார். புரோகிதர் தம் முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், நடுவில் வழிதவறி, தம் தாத்தாவுக்குத் தாமே தாத்தாவாகி நின்றார். அரண்மனைச் சமையற்காரர் வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும், மத்தியானச் சாப்பாடு முடியும்வரை அந்த விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாக, ராஜா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சாத்தப்பன் வாய் கட்டிய பானை ஒன்றோடு சபைக்கு வந்தார். உள்ளே நல்லபாம்பு இருப்பதாகச் சொன்னார். இந்த மண்ணில் முளைத்தவர் கையை விட்டால் அது சும்மா கிடக்குமாம், வந்தவர் கையை விட்டால் கொத்திவிடுமாம்.

ராஜா வாகையடியாரைப் பார்த்தார். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து வந்தார். பானைப் பக்கம் போனதும் மீசையிலிருந்த கை கீழே இறங்கிவிட்டது. உயிர்ப்பயம் வந்தால் நம் ஆட்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? குலதெய்வத்தைத்தான். அதுவும் கோயில் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் திரும்பி நின்றுதான் கூப்பிடுவார்கள். வாகையடியார் தம்மை அறியாமல் கிழக்கே திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கடலுக்கு அக்கரையில இருக்கிற கருப்பா, காப்பாத்துப்பா. அடுத்த கப்பலிலேயே வந்து உனக்குக் கிடா வெட்டறேன்."

மெல்லத்தான் சொன்னார். ஆனால் சபை அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அவர் கட்டை ஓரமாக விலக்கி, விரல் நுனியைப் பானைக்குள் விட்ட வேகத்தில் வெளியே எடுத்துக்கொண்டு, கடிக்கவில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

ராஜாவுக்கு இன்னும் குழப்பம். பாம்பு இவரை இந்த ஊர்க்காரர் என்கிறது, சாமியோ கடலுக்கு அப்பால் இருக்கிறது. எதை நம்புவது? நாமே பார்த்துவிடுவோம் என்று சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்தார். பானைமுன் நின்றார். அவரும் தம்மை அறியாமல் வடக்கே திரும்பிக் கைகூப்பினார்.

"மலைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற தாயே..."

பாதியில் வாய் நின்றுவிட்டது. முதல் பிள்ளைக்கு முடியிறக்க அந்த மலை தாண்டித்தான் போய்வந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சாத்தப்பா, அப்போ நான் மூங்கில் குருத்து இல்லையா?"

"எனக்கென்ன தெரியும் மன்னா? தங்கள் கால் திரும்பியதைத்தான் பார்த்தேன்."

பிறகு அவர் பானையைக் கவிழ்த்தார். பாம்பு இல்லை, வெறும் மண். தாத்தா ஊரைவிட்டுக் கிளம்பும்போது குலசாமி கோயிலில் எடுத்துவந்த பிடிமண் அது. அதை இந்த ஊர் மண்ணோடு கலந்துதான் இங்கே சாமிக்குப் பீடம் போட்டார்கள். பானையில் இருப்பது அதில் மிஞ்சியது.

ராஜா வெட்கப்பட்டார். ஆனாலும் முரசறைந்த வாக்கை எப்படி விழுங்குவது என்று தயங்கினார்.

"உத்தரவு இருக்கட்டும் மன்னா," என்றார் சாத்தப்பன். "இதில் வந்த மண் எது, இருந்த மண் எது என்று யாராவது பிரித்துத் தரட்டும். வந்த மண்ணை எடுத்துக்கொண்டு அன்றைக்கே நான் புறப்படுகிறேன்."

இரண்டு நாளில் ராஜாவுக்குத் தெளிவாகப் புரிந்தது இது ஒன்றுதான். ஒரு முறத்தைக் கொண்டுவரச் சொல்லி வாகையடியார் கையில் கொடுத்தார். "மண்ணைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் நீர்தானே? பிரித்துத் தாரும்" என்றார்.

அன்றுமுதல் வாகையடியாருக்கு ஆசனம் அரண்மனை வாசலில். பொங்கலன்று சாத்தப்பனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வாகையடியாரும் கண்ணை இடுக்கி இடுக்கி, ஏதோ இரண்டு குவியல் சேர்த்துவிட்டார். அந்தக் குழந்தை தவழ ஆரம்பித்ததும், அப்பாவோடு அரண்மனைக்கு வந்த ஒருநாள் நேரே வாசலுக்குப் போய், இரண்டு குவியலையும் இரண்டு கையால் அளைந்து ஒன்றாக்கிவிட்டது.

வாகையடியார் முறத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.