தோண்டுமுன் இரண்டு தட்டு

மனுஷர் பேச்சு மிருகங்களுக்கும், மிருகங்களின் பேச்சு மனுஷருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், செவ்வூரில் சொர்ணத்தாய் என்றொரு பட்டறைக்காரி இருந்தாள். அவள் சம்மட்டி அடிப்பாள். அவள் கணவன் குருசாமி துருத்தி ஊதுவான். முதலில் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் இரும்புச் சால் செய்தார்கள். அப்புறம், மாடுகள் இழுத்துப்போய் மேட்டு மண்ணைப் பள்ளத்தில் தள்ளுகிற பலகை செய்தார்கள். போன வருஷம் செய்ததைவிட இந்த வருஷம் செய்வது ஒரு சாணாவது பெரிதாக இருந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அந்த வட்டாரத்தில் ஏழு ஊருக்கும் ஒரே கண்மாய். அது தூர்ந்துபோய், பெய்த மழையெல்லாம் நிற்காமல் ஓடியது. வெயிலில் இறுகிய தரையில் மண்வெட்டி போட்டால் மண்வெட்டிதான் மழுங்கியது. ஐப்பசி மழைக்குள் தூர் வாராவிட்டால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று ஊர்த்தலைவரான அம்பலகாரர் சொல்லிவிட்டார்.

சொர்ணத்தாய் ஆறு மாதம் பட்டறைக்குள்ளேயே கிடந்தாள். வெளியே வந்தபோது ஓர் இயந்திரத்தோடு வந்தாள். கொதிகலன், நாலு சக்கரம், நீளமான இரும்புக் கை, கை நுனியில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு சால்.

குருசாமி நெம்புகோலை இழுத்தான். சால் கண்மாய்த் தரையில் இறங்கி, தோசைக்கல்லில் கரண்டி வழுக்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு பிடி மண் ஏறவில்லை. கரையில் நின்ற ஏழு ஊரும் சிரித்தது. குருசாமிக்கும் சிரிப்பு வந்தது. மனைவி முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

எல்லாரும் கலைந்த பிறகு அவள் கரையில் தனியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உடம்பெல்லாம் செதிலாக, அழுங்கு என்கிற எறும்புதின்னி ஒன்று, கல்லாக இறுகிய கறையான் புற்றைப் பிட்டு மாதிரி உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தது.

"உனக்கு மட்டும் எப்படி உடையுது தாயி?" என்று கேட்டாள் சொர்ணத்தாய்.

அழுங்கு முன்காலைத் தூக்கிக் காட்டியது. "எனக்கு நகம் இருக்குக்கா. உன் சாலுக்கு உதடு மட்டுந்தானே இருக்கு? உதட்டால மண்ணைக் கடிக்க முடியுமா?"

சொர்ணத்தாய் அந்தக் காலைக் கையில் வாங்கி, நகத்தின் வளைவை விரலால் அளந்துகொண்டாள். நேரே பட்டறைக்கு ஓடினாள். மூன்று நாளில் சாலின் விளிம்பில் ஐந்து இரும்பு நகங்கள் முளைத்தன.

நாலாம் நாள் காலை கொதிகலன் சீறியது. இயந்திரத்தைக் கண்மாயின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். குருசாமி இரும்புக் கையை உயர்த்திய நேரம், அழுங்கு கரையிலிருந்து உருண்டு புரண்டு ஓடி வந்தது.

"அக்கா, நிறுத்தச் சொல்லு. நீங்க நிக்கிற இடத்துக்குக் கீழதான் என் வளை. வண்டி ஏறி வாசல் இடிஞ்சு, என் நகமும் இறங்காத அளவுக்கு மண்ணு அமுங்கிப்போச்சு. குட்டி உள்ள தூங்குறான்."

சொர்ணத்தாய் இரண்டு கையையும் விரித்தாள். சால் அந்தரத்தில் நின்றது.

அம்பலகாரர் மேற்கே காட்டினார். "மேகம் கூடுது ஆத்தா. ஒரு குட்டிக்காக ஏழு ஊரும் காத்திருக்கணுமா?"

"இந்த நகம் அதோட தாய் குடுத்தது அம்பலாரய்யா. அதை வச்சே அது பிள்ளையக் கிழிக்கச் சொல்றீகளா?" என்றாள் அவள்.

ஆனால் குட்டி எங்கே இருக்கிறது? வளை மண்ணுக்குள் எத்தனையோ திருப்பம் திரும்பியது. தப்பான இடத்தில் நகம் இறங்கினால் தீர்ந்தது. அவள் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிவிட்டு, தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்தாள்.

"என்னங்க, சாலால மெதுவா ரெண்டு தட்டு தட்டுங்க."

குருசாமி நெம்புகோலைத் தொட்டான். டொக். டொக்.

ஒன்றும் கேட்கவில்லை. அவள் நாலடி தள்ளிப் படுத்தாள். டொக். டொக். அப்போது மண்ணுக்குள்ளிருந்து கறக், கறக் என்று ஏதோ பிறாண்டியது.

"இங்கதான் இருக்கான். ஒரு முழம் தள்ளி இறக்குங்க. பூப்பறிக்கிற மாதிரி."

துருத்தி ஊதிப் பழகிய கை. எவ்வளவு மெதுவாகவும் அசையத் தெரிந்தது. ஐந்து நகமும் அங்குலம் அங்குலமாக மண்ணைச் சீவின. நண்பகலில் பள்ளத்தின் ஓரம் உதிர்ந்து, மாங்காய் அளவு ஒரு செதில் உருண்டை சொர்ணத்தாயின் மடியில் விழுந்தது. தாய் மோந்து பார்த்துக் கூப்பிட்டதும் உருண்டை விரிந்து கொட்டாவி விட்டது. சிரிக்க வந்த ஏழு ஊரும் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. தட்டுச் சத்தம் கேட்டு, வெடிப்புகளில் கிடந்த தவளையும் நண்டும் ஆமையும் பெருச்சாளியும் தம் குஞ்சுகுட்டிகளோடு வெளியே வந்து வரிசையாகக் கரை ஏறின. ஒரு கிழட்டுப் பெருச்சாளி நின்று கேட்டது: "சொல்லிட்டுத் தோண்டுற ஆளை இப்பத்தான் பாக்கோம். மழைக்குள்ள முடிச்சாகணுமா?"

"ஆமா மாமா. அரை நாள் போயிருச்சு."

"அப்ப நாங்க முன்னால பொலபொலன்னு ஆக்கித் தாறோம். நீ பின்னால அள்ளிக்கிட்டு வா."

பெருச்சாளிகளும் தாய் அழுங்கும் முன்னே கிளறின. இரும்புக் கை பின்னே அள்ளியது. எட்டாம் நாள் கண்மாய் பனைமர ஆழம் ஆனது. ஒன்பதாம் நாள் வானம் கொட்டியது. ஏழு ஊரும் நனைந்தபடி குலவை போட்டது. குருசாமி கொதிகலன் மேல் ஏறி ஆடி, வழுக்கித் தண்ணீரில் விழுந்து, சிரித்துக்கொண்டே நீந்தி வந்தான்.

சேதி பரவி, மலைநாட்டிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் ஆட்கள் இயந்திரம் கேட்டு வந்தார்கள். பட்டறை ஆலையானது, ஓர் ஆலை மூன்றானது. ஆனால் புது இயந்திரம் வாங்கிய ஓட்டுநர் எவராயினும், சொர்ணத்தாய் முன்னால் தரையை இரண்டு முறை தட்டி, மூச்சு விடும் நேரம் காத்திருந்து காட்டினால்தான் ஆலைக்கதவு திறக்கும்.

அன்று முதல்தான், மண் அள்ளுகிற இயந்திரத்தின் வாயில் நகம் வைத்தார்கள். எந்த ஊரில் பள்ளம் பறித்தாலும், நல்ல ஓட்டுநர் முதல் மண்ணை எடுக்குமுன் தரையை இரண்டு தட்டுத் தட்டி, கீழே இருப்பவர்கள் கிளம்பட்டும் என்று கொஞ்சம் பொறுக்கிறார்.