வரம் வாங்கப் போன மொந்தாசுரன்

பாதாளத்தில் அசுரர்களுக்கென்று ஒரு ராஜ்யம் இருந்தது. தேவர்களிடம் தோற்பதுதான் அங்கே முக்கியமான தொழில்.

அந்த வருஷத்துச் சண்டையில் வீரர்கள் எல்லாரும் முன்னால் ஓடிச் செத்துப்போனார்கள். வாளை எந்தப் பக்கம் பிடிப்பது என்று விவாதித்துக்கொண்டிருந்த மொந்தாசுரனும், அவன் கூட்டாளிகள் திண்டாசுரன், உப்பாசுரன் இருவரும் மட்டும் பிழைத்தார்கள். வேறு ஆள் இல்லாத கொடுமைக்கு, தவம் செய்து தேவர்களை ஜெயிக்கும் வரம் வாங்கிவர ராஜா அவர்களையே அனுப்பினார்.

"வரத்தோட வந்தா நீ தளபதி. வரமில்லாம வந்தே, உன் மீசை இருக்காது," என்றார் மொந்தாசுரனிடம்.

மொந்தாசுரன் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டான். அறிவு வளராத குறைக்குத்தான் அவன் மீசையை முழங்கை நீளத்துக்கு வளர்த்து வைத்திருந்தான்.

புறப்படும்போது அசுர குரு எச்சரித்தார். "எவன் வந்து எழுப்பினாலும் கண்ணைத் திறக்காதீங்க. தேவர்கள் எந்த வேஷத்துலயும் வருவாங்க."

மூவரும் மலை உச்சியில் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். அடேயப்பா, அப்படி ஒரு தவம்! முனிவர்கள் எண்ணத்தை அடக்கப் படாத பாடு படுவார்கள். இவர்களுக்கு அடக்குவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. தவத்தின் சூடு மேலே ஏறி, தேவராஜாவின் சிம்மாசனம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. உட்காரவும் முடியவில்லை, எழுந்தால் வேறு எவனாவது உட்கார்ந்துவிடுவானே என்று எழவும் மனசு வரவில்லை.

தவத்தைக் கலைக்க அவர் ஓர் ஆடலழகியை அனுப்பினார். கால் வீங்கும்வரை ஆடினாள்.

"யாரோ மாடு ஓட்டிட்டுப் போறாங்க. சலங்கைச் சத்தம் கேக்குது," என்றான் திண்டாசுரன். அவள் அழுதுகொண்டே திரும்பிப் போனாள்.

கடைசியில் வரம் கொடுக்கும் கடவுளே இறங்கி வந்தார். "பக்தர்களே, கண்ணைத் திறங்கள். என்ன வரம் வேண்டும்?"

"கடவுள் வந்திருக்காராம்டா," என்றான் உப்பாசுரன்.

"எந்த வேஷத்துலயும் வருவாங்கன்னு குரு சொன்னாரே. கடவுள் வேஷத்துல மட்டும் வரமாட்டாங்களா?" என்றான் திண்டாசுரன்.

"நிஜக் கடவுளா இருந்துட்டா?"

"நிஜக் கடவுளுக்கு, நாம கண்ணைத் திறக்கக் கூடாதுன்னு தெரியாமலா இருக்கும்?"

மொந்தாசுரன் தீர்ப்புச் சொன்னான். "ஐயா, கடவுள் வர்ற நேரம். வழியை மறிக்காம தள்ளி நில்லுங்க."

கடவுள் கெஞ்சினார், மிரட்டினார், விசுவரூபம்கூட எடுத்தார். கண்ணை மூடியவன் முன்னால் விசுவரூபம் எடுத்து என்ன பயன்? மேலே சிம்மாசனம் புகைய ஆரம்பித்திருந்தது. வேறு வழி தெரியாமல் கடவுளும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஓம் மொந்தாசுராய நமஹ" என்று ஜெபிக்கத் தொடங்கினார்.

மொந்தாசுரனுக்குப் புல்லரித்தது. "டேய், யாரோ என்னை நினைச்சுத் தவம் பண்றாங்கடா!"

"கண்ணைத் திறக்காதே. குரு சொல்லியிருக்கார்," என்றான் உப்பாசுரன்.

"எழுப்பினாத்தானே திறக்கக் கூடாது? இவர் பாட்டுக்குக் கும்பிட்டுக்கிட்டு இருக்கார். கும்பிடறவங்களைக் காக்க வைக்கிற தேவ புத்தி நமக்கு எதுக்கு?"

கண்ணைத் திறந்தான். எதிரே நிஜக் கடவுள் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். மொந்தாசுரன் பெருமையாகக் கையை உயர்த்தினான்.

"பக்தா, மெச்சினோம்! என்ன வரம் வேணும்?"

"நீங்கள் தவத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், சுவாமி."

"தந்தோம்!"

ராஜா கோட்டை வாசலிலேயே காத்திருந்தார். "வரம் எங்கேடா?"

"கொடுத்துட்டோம், ராஜா. கடவுளே கும்பிட்டு வாங்கிட்டுப் போனார்."

ராஜா நாவிதரைக் கூப்பிட்டார்.

ஒரு பக்க மீசை விழுந்ததும் மொந்தாசுரன் விம்மி விம்மி அழுதான். ராஜாவுக்கே மனசு இளகிவிட்டது. "மீசைதானேடா. வளந்துடும்."

"மீசைக்காக அழலை, ராஜா," என்றான் மூக்கை உறிஞ்சியபடி. "அந்தப் பக்தர் மறுபடி வரம் கேட்டு வந்தா என்னை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்? பாவம், இந்த ஒரு பக்கத்தையாவது விட்டுவைங்க!"