சிங்காரம் திறந்த குடுக்கை

வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு காட்டுப் பள்ளி இருந்தது. அங்கே முதல் வரிசை மாணவன் சிங்காரம் என்ற கீரி. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவான்.

அந்த வருடம் மாணவர் அறிவியல் போட்டி வந்தது. வாத்தியாரான யானை போட்டி விதியை அறிவித்தார். "விடியும்போது ஆளுக்கொரு சுரைக்குடுக்கையில் வெந்நீர் பிடியுங்கள். பொழுது சாயும்போது யார் தண்ணீர் அதிகச் சூடாக இருக்கிறதோ, அவர் குடும்பத்துக்கு இந்த மழைக்காலம் முழுக்க மேட்டுப் பாறைப் பொந்து."

சிங்காரம் நேரே வளைக்கு ஓடினான். போன ஐப்பசி மழையில் அவர்கள் வளைக்குள் வெள்ளம் புகுந்து, ஒரு தங்கச்சியைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பது இரண்டு தம்பிகள்.

"அம்மா, இந்த வருஷம் நாம மேட்டுலதான்" என்றான்.

"ஜெயிச்சிட்டு வந்து சொல்லு" என்றாள் அம்மா.

பத்து நாள் தூங்காமல் உழைத்தான். குடுக்கையைச் சுற்றி இலவம்பஞ்சு, அதன்மேல் காய்ந்த புல், அதற்கும் மேல் புற்றுமண் பூச்சு. சும்மா சொல்லக்கூடாது, வேலை அவ்வளவு நேர்த்தி. அந்தக் காட்டில் அப்படி ஒரு குடுக்கையை யாரும் பார்த்ததில்லை. கெடுத்ததே அதுதான். பார்க்காதவர்கள் எல்லாரும் பார்க்க வந்துவிட்டார்கள்.

போட்டி நாள் காலையில் முதலில் வந்தது முயல். சிங்காரம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சூடு மூணு வழியில ஓடும். தொட்ட பொருள் வழியா ஓடும், காத்தோட ஓடும், கதிரா ஓடும். மூணு வழியையும் அடைச்சிட்டேன். ஆவி பறக்குது பாரு!" என்று மூடியைத் திறந்து காட்டினான். முயல் வாயைப் பிளந்தது.

அடுத்து மான் வந்தது. மறுபடியும் மூன்று வழி, மறுபடியும் மூடி. மயில் தன் சொந்தக்காரர்களோடு வந்ததால் விளக்கம் நீண்டது. சூடு எப்படித் தப்பிக்கும் என்று அரை நாழிகை பாடம் நடத்தினான். அவ்வளவு நேரமும் மூடி அவன் கையிலேயே இருந்தது.

மத்தியானம் குரங்கு வந்து, "நிஜமாவே சூடா இருக்கா, இல்ல கதை விடுறியா?" என்று கேட்டது. சிங்காரத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "விரலை விட்டுப் பாருங்க அண்ணே" என்றான். குரங்கு நிதானமாக விட்டுப் பார்த்தது. பிறகு தன் மச்சானையும் கூப்பிட்டது.

எதிரே காட்டுக்கோழி அஞ்சலை ஒரு வைக்கோல் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் கடைசி வரிசை. அடைகாக்க விடுப்பு எடுத்துப் பாதிப் பாடத்தைத் தவறவிட்டவள். குடுக்கை அவளுக்கு அடியில் எங்கோ இருந்தது.

"உன்னுது சூடா இருக்கா அஞ்சலை?" என்று கேட்டது குரங்கு.

"தெரியாதுங்க. எழுந்திரிச்சாத்தானே தெரியும்."

சிங்காரம் விழுந்து விழுந்து சிரித்தான். "தன் சோதனை என்ன ஆச்சுன்னே தெரியாம ஒருத்தி போட்டிக்கு வந்திருக்கா!"

பொழுது சாய்ந்தது. வாத்தியார் சிங்காரத்தின் குடுக்கையில் துதிக்கை நுனியை விட்டார். அப்படியே கொஞ்சம் உறிஞ்சிக் குடித்தார். "நல்ல தாகத்துக்கு நல்ல தண்ணி" என்றார். அஞ்சலை எழுந்து ஒதுங்கினாள். அவள் குடுக்கையில் நுனியை வைத்தவர் சுரீரென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயா, நான் மூணு வழியையும் அடைச்சேனே!" என்றான் சிங்காரம்.

"அடைச்சேப்பா. நாலாவது வழி ஒண்ணு இருக்கு. வாய்."

"குடுக்கை வாயா, என் வாயா ஐயா?"

"ரெண்டும் ஒண்ணாத்தானே திறந்துச்சு" என்றார் வாத்தியார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

சிங்காரம் வளைக்குத் திரும்பும்போது வானம் கறுத்துவிட்டது. அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். சின்னத் தம்பியை வாயில் கவ்விக்கொண்டு, மழைக்கு ஒதுங்க ஏதாவது மரப்பொந்து கிடைக்குமா என்று தேடி நடந்தாள். பெரியவனைக் கவ்விக்கொண்டு சிங்காரமும் பின்னால் போனான்.

செய்ததை ஓயாமல் காட்டிக்கொண்டே இருப்பவனுக்கு, காட்டவேண்டிய நேரத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாது.