கிணத்துமேட்டுல நிக்காத ரயில்

தாரு, கொஞ்சம் சுவத்துப் பக்கம் தள்ளிப் படு. காலை மடக்கிக்கோ. ம், இப்ப சரி. என்ன கேட்ட? சாயந்திரம் ரயில்ல வந்தோமே, நடுவுல ஒரு ஸ்டேஷன் லைட்டே இல்லாம சர்ருனு போச்சே, அங்க ஏன் நிக்கலன்னு தானே? அதுக்கு ஒரு கதை இருக்கு. சொல்றேன். ஆனா நடுநடுவுல 'ம்' கொட்டணும். கொட்டலன்னா நீ தூங்கிட்டேன்னு நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு கோடு போடுற பொம்பள இருந்தா.

"கோலமா பெரிம்மா?"

கோலம் இல்லடி, ரயிலுக்குக் கோடு. பாய் மாதிரி பெரிய காகிதம். மேல வரிசையா மணி, ஓரத்துல வரிசையா ஸ்டேஷன் பேரு. ஒவ்வொரு ரயிலுக்கும் சாய்வா ஒரு கோடு. எந்த ரயில் எப்பக் கிளம்பும், எங்க நிக்கும், எப்பப் போய்ச் சேரும், எல்லாம் அந்தக் கோட்டுல இருக்கும். அவ போட்ட கோட்டுல தான் அந்த ஊரே வேலைக்குப் போயிட்டு வந்துது. ஒளிச்சு என்ன ஆகப்போகுது, அந்தப் பொம்பள நான் தான். அதனால இனிமே நான்னே சொல்றேன்.

அப்போ பூமிக்கடியில ஓடுற எங்க சுரங்க ரயிலுக்கு நாலே பெட்டி. டடக் டடக் டடக்குனு வரும். கதவு 'கடார்'னு மூடும். உள்ள ஃபேன் ஓடும், ஆனா காத்து வராது. காலைல பாத்தா ஜனம் நசுங்கிக்கிட்டு நிக்கும். ஒரு தடவ ஒரு அம்மா மூணு ரயில விட்டுட்டு நாலாவதுல தான் ஏறினாங்க, வயித்துல பிள்ளையோட. அதைப் பாத்துட்டு வந்து, நான் ஆபீஸ்ல சோறே இறங்காம உக்காந்திருந்தேன். எனக்கு ஒரே ஆசை தான். ரெண்டரை நிமிஷத்துக்கு ஒரு ரயில் வரணும். ஒருத்தரும் நசுங்கக் கூடாது.

கேக்குறியா?

"ம்."

அப்புறம் ஒரு நாள் புது ரயில் வந்துது. ஆறு பெட்டி. அகலமான கதவு. 'ஸ்ஸ்ஸ்'னு திறக்கும், 'ஸ்ஸ்ஸ்'னு மூடும். உள்ள ஜில்லுனு இருக்கும். ஊரே வந்து பாத்துது. ஆனா ஒரு சிக்கல். கிணத்துமேடுன்னு ஒரு சின்ன ஸ்டேஷன். அங்க பிளாட்ஃபாரம் நாலு பெட்டி நீளம் தான். ரெண்டு பக்கமும் சுரங்கம் வளைஞ்சு போகும், அதனால நீட்டவும் முடியாது. ஆறு பெட்டி ரயில் நின்னா ரெண்டு பெட்டி சுரங்கத்துக்குள்ள மாட்டிக்கும்.

எங்க பெரிய ஆபீசர் கோதண்டம் சார் சொன்னாரு, "மங்கை, அந்த ஸ்டேஷன்ல ஏறி இறங்குறவங்க ரொம்பக் கம்மி. விட்டுடலாம். அடுத்தது மணிக்கூண்டு தானே, அங்க இறங்கி நடந்து வரட்டும்."

சரின்னு ஜனங்கள கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டோம். ஏதாவது குறை இருந்தா சொல்லுங்கன்னு. பதினேழு பேர் வந்தாங்க. பாதிப் பேரு டீ குடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. அப்போ டொக் டொக் டொக்குனு ஒரு சத்தம். வெள்ளைக் குச்சியத் தட்டிக்கிட்டு ஒரு மனுஷர் எழுந்து வந்தாரு. அவரு பேரு தேவசகாயம். கண்ணு தெரியாது. ஒன்பது வயசுல அம்மை போட்டுப் போயிடுச்சாம். கிணத்துமேட்டுல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, அங்க டெலிபோன் ஆபரேட்டர். யாரு போன் பண்ணாலும் எந்த வார்டு, எந்த டாக்டர்னு கேட்டு இணைச்சு விடுவாரு. நம்பரு எல்லாம் மனப்பாடம். இருபத்திரண்டு வருஷ வேலை.

அவரு சொன்னாரு, "அம்மா, கிணத்துமேட்டுல இறங்கினா நான் எண்ணி வெச்ச முந்நூத்திப் பத்து அடி. என் நாற்காலிக்குப் போயிடுவேன். ரோடே தாண்ட வேண்டாம். மணிக்கூண்டுல இறங்கினா பெரிய ரோடு. அத என்னால தாண்ட முடியாது. நிக்காதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற வழி பாத்துக்கறேன். சும்மா பாக்கலாம் பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க."

எனக்கு மனசு தாங்கல. "ஐயா, காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு, உங்களுக்கு ரயில் நிக்கும். கோடு போடுறவ நான் தான். நான் போடுறேன்"னு சொன்னேன். என் ஆபீஸ் நம்பரச் சொன்னேன், ஒரு தடவ தான் கேட்டாரு, மனசுல ஏத்திக்கிட்டாரு. அவரு வீட்டு நம்பர நான் டைரில எழுதிக்கிட்டேன்.

அப்புறம் நானும் சும்மா இருக்கல தாரு. மூணு தடவ முயற்சி பண்ணேன்.

முதல்ல என்ன நினைச்சேன்னா, புது ரயிலே நிக்கட்டும், முன்னாடி நாலு பெட்டிக் கதவு மட்டும் திறக்கட்டும். ஒரு மத்தியானம் ஆளில்லாத ரயில ஓட்டிப் பாத்தோம். விர்ர்ர்னு வந்துது, நின்னுது. 'ஸ்ஸ்ஸ்.' ஆறு பெட்டிக் கதவும் திறந்துக்கிச்சு! கடைசிப் பெட்டில எட்டிப் பாத்தா, கதவுக்கு வெளியில சுரங்கத்துச் சுவரு, கீழ கரண்ட் கம்பி. அது ஆகாதுன்னு விட்டாச்சு.

ரெண்டாவது, பழைய ரயில் ஒண்ண மட்டும் வெச்சுக்கலாம்னு பணிமனைல போய்க் கெஞ்சினேன். அங்க இருந்தவரு, "உதிரிப் பாகம் கிடைக்காது மேடம், இருக்கற வரைக்கும் ஓட்டுறோம்"னாரு. அது போதும்னு வந்து கோடு போட்டேன். காலைல எட்டு இருபது, சாயந்திரம் அஞ்சு நாப்பது. நாலு மாசம் ஓடுச்சு. தேவசகாயம் ஐயா ஒரு நாள் போன் பண்ணி, "இன்னிக்கு முந்நூத்தி எட்டு அடிதாம்மா. உற்சாகத்துல காலு நீளமா விழுது"ன்னு சிரிச்சாரு.

"அப்புறம்?"

அப்புறம் அந்தப் பழைய ரயில் மெதுவாப் போகும்ல? அது முன்னாடி போனா பின்னாடி வர்ற புது ரயில் எல்லாம் காத்திருக்கணும். ஒண்ணு நின்னா அடுத்தது நிக்கும். தினமும் எட்டு இருபதுலேருந்து ஒன்பது மணி வரைக்கும் ஒரே குழப்பம். ஜனங்க கத்தினாங்க. மூணாவதா, அந்தப் பழைய ரயில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஏழு மணிக்கு நகத்திப் பாக்கலாம்னு நினைச்சேன். நினைச்சேன். பென்சிலால லேசா கோடும் போட்டேன்.

ஆனா ஆபீஸ் கூட்டத்துல சொல்லல.

"ஏன் சொல்லல?"

அது தான்டி எனக்கு இன்னிக்கும் ஆற மாட்டேங்குது. கோதண்டம் சார் பெரிய திரைல என் கோட்ட எல்லாம் காட்டினாரு. எல்லாக் கோடும் ஒரே சாய்வா, ஒரே இடைவெளியா, மழை பெய்யற மாதிரி இருந்துது. நடுவுல ஒரே ஒரு கோடு கோணலா. பழைய ரயில். "இத எடுத்துட்டா ரெண்டரை நிமிஷம் வந்துடும். யாராவது ஏதாவது சொல்லணுமா?"ன்னு கேட்டாரு. என்னத் தான் பாத்தாரு. பாவம், அவரு கெட்டவரு இல்ல. நான் வாயத் திறந்திருந்தா கேட்டிருப்பாரு. எனக்கு அந்தக் கோணல் கோடு கண்ண உறுத்துச்சு. பதினோரு வருஷமா நான் ஆசைப்பட்ட ரெண்டரை நிமிஷம் கைக்கு எட்டின தூரத்துல இருந்துது. நான் தலைய ஆட்டிட்டேன்.

சரி, வியாழக்கிழமலேருந்து அந்தப் பழைய ரயில் இல்லன்னு முடிவாச்சு. தேவசகாயம் ஐயாவுக்குச் சொல்லணும்ல? திங்கக்கிழம, நாளைக்குப் போன் பண்ணலாம்னு நினைச்சேன். என்ன சொல்றதுன்னு கூச்சம். செவ்வாக்கிழம, நாளைக்குன்னு நினைச்சேன். புதன்கிழமையும் அதே தான். எல்லா ஸ்டேஷன்லயும் நோட்டீஸ் ஒட்டியாச்சே, யாராவது சொல்லிருப்பாங்கன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். கண்ணு தெரியாத மனுஷருக்கு நாங்க காகிதத்துல எழுதிச் சுவத்துல ஒட்டினோம் தாரு.

வியாழக்கிழம காலைல எட்டு இருபதுக்கு அவரு வீட்டுப் பக்கத்துல இருக்கற செங்கல்சூளை ஸ்டேஷன்ல வழக்கம்போல நின்னாரு. ரயில் வந்துது. 'ஸ்ஸ்ஸ்'னு கதவு திறந்துது. இது நம்ம ரயில் சத்தம் இல்லையேன்னு அவருக்குச் சந்தேகம். "இது கிணத்துமேட்டுல நிக்குமா?"ன்னு கேட்டாரு. யாரோ ஒருத்தர், "நிக்கும் நிக்கும், ஏறுங்க பெரியவரே"ன்னு கையப் பிடிச்சு ஏத்தி விட்டாரு. நல்ல மனசு தான், விஷயம் தெரியல.

ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஸ்டேஷன எண்ணிக்கிட்டே வந்தாரு. நாலாவது வரும்போது கதவுகிட்ட போய் நின்னுட்டாரு. ரயில் வேகத்தைக் குறைக்கவே இல்ல. சுரங்கத்துச் சத்தம் 'ஹோ'ன்னு அகலமாச்சு, அது கிணத்துமேடு. அப்புறம் திரும்பச் சின்னதாச்சு. போயிடுச்சு.

மணிக்கூண்டுல இறங்கினாரு. வேலைக்கு நேரமாச்சு. இத்தனை வருஷத்துல ஒரு நாள் அவரு தாமதமாப் போனதில்ல. யாரையோ கேட்டு மேல ஏறினாரு. ஒருத்தர் ரோட்டத் தாண்டி விட்டாரு, தாண்டி விட்டுட்டு அவரு வழியப் பாத்துப் போயிட்டாரு. அந்தப் பக்கம் மழைத் தண்ணி போறதுக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தாங்க. டொக் டொக்குனு குச்சியத் தட்டிக்கிட்டே வந்தவருக்கு, ஒரு தட்டுல சத்தம் வரல. அடுத்த அடி வெச்சுட்டாரு.

தாரு? பயந்துட்டியா? செத்துப் போகலடி. இடுப்பு எலும்பு முறிஞ்சுடுச்சு.

எனக்கு மறுநாள் தான் தெரிஞ்சுது. ஓடினேன். அதே ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு, மூணாவது கட்டில். காலுல எடை கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. அவரு வீட்டம்மா ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. என்ன யாருன்னு அவங்களுக்குத் தெரியாது, உக்காருங்கன்னு நாற்காலியக் காட்டினாங்க.

"ஐயா, நான் மங்கை. ரயிலுக்கு நேரம் போடுறவ"ன்னேன்.

"வாங்கம்மா"ன்னாரு. அப்புறம் சொன்னாரு, "ஒரு போன் பண்ணிருக்கலாமே."

அவ்வளவு தான். திட்டிருந்தாக் கூடப் பரவாயில்லன்னு இருந்துது. அவரு வீட்டம்மா ஒரு சுளைய என் கைலயும் வெச்சாங்க. வேண்டாம்னு சொல்லத் தெரியாம வாங்கிக்கிட்டேன்.

அப்புறம் அவரே கேட்டாரு, "புது ரயில் என்ன கலரும்மா? ஏறிட்டேன், ஆனா யாரையும் கேக்கத் தோணல. ஒன்பது வயசு வரைக்கும் நான் எல்லாக் கலரும் பாத்திருக்கேன், சொன்னாப் புரியும்."

தெரியல தாரு. அந்த ரயிலுக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்குப் போட்டவ நான், அதோட கலரு சட்டுனு நினைவுக்கு வரல. தடுமாறி, "மாம்பிஞ்சுப் பச்சை ஐயா"ன்னு சொன்னேன். "ஓ, நல்லா இருக்கும்"னாரு. திரும்பி வரும்போது ஸ்டேஷன்ல நின்னு பாத்தேன். நீலம்.

"அவருகிட்ட போய்ச் சொன்னியா?"

போனேன். நாலு நாள் கழிச்சுப் போனேன். கட்டில்ல வேற யாரோ இருந்தாங்க. அவரு மக அவங்க ஊரு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்களாம், ரொம்ப தூரம். அவரு திரும்ப வேலைக்கு வரல. அவரு இடத்துல ஒரு மெஷின வெச்சுட்டாங்க, 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்'னு சொல்லும்.

நான் கோதண்டம் சார்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன், பென்சில் கோட்டையும் சேத்து. அப்புறம் ஒரு ஏற்பாடு பண்ணோம். இப்பல்லாம் ரயில்ல எது மாறினாலும் பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் வாயால சொல்லணும், குச்சியோட வர்றவங்க, சக்கர நாற்காலில வர்றவங்க எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லணும். அந்தப் போனை நான் தான் பண்ணுவேன். யாருகிட்டயும் விடல. ஆனா அது மத்தவங்களுக்குத் தான் உதவிச்சு, அவருக்கு இல்ல.

புது ரயில் நல்ல ரயில் தான் கண்ணு. பொய் சொல்லக் கூடாது. வயித்துல பிள்ளையோட வர்றவங்க உக்காந்து போறாங்க. ரெண்டரை நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. நீ கூட ஜன்னல்ல மூக்க ஒட்டிக்கிட்டு வந்தியே.

"பெரிம்மா... அவரு மக வீட்டுக்குப் போன் பண்ணியா?"

இல்லடி. நம்பரு மட்டும் வாங்கி வெச்சிருக்கேன். மூணு வருஷம் ஆச்சு.

"ஏன் பண்ணல?"

நாளைக்குன்னு தான்... இல்ல. அப்படிச் சொல்ல மாட்டேன். காலைல நீ எழுந்ததும் பல்லு தேச்சுட்டு வா, என் பக்கத்துல உக்காரு. நீ பக்கத்துல இருந்தா நான் பண்ணிடுவேன். அவரு எடுப்பாரோ மாட்டாரோ, என்னன்னு பேசுவேனோ, எனக்கே தெரியல.

தாரு?

தாரு?

சரி, 'ம்' நின்னு போச்சு. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன், போத்திக்கிட்டுத் தூங்கு.